எட்டாம் ஹென்றியை எப்படிப் படிப்பது?

வரலாறு பட்டப்படிப்பில் இங்கிலாந்து வரலாறு தாள் எழுதுகிறவர்களில் பலர், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி மணந்த ஆறு ராணிகளின் பெயரை வரிசையாக ஒப்பித்துவிட்டு ஹென்றி முடிந்தார் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரிசை இரண்டு மதிப்பெண்ணுக்குத்தான் உதவும். பெரிய கேள்வி வந்தால், ரோமுடன், அதாவது போப்பின் திருச்சபையுடன், இங்கிலாந்து ஏன் உறவை முறித்தது என்றுதான் வரும். அதற்கு முதல் திருமணத்தை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும். நான் அதிக நேரம் செலவழித்தது அதில்தான்.

அரகானின் கேத்தரின், ஹென்றியின் அண்ணன் ஆர்தரின் மனைவி. ஆர்தர் 1502-இல் இறந்துபோனார். அண்ணன் மனைவியைக் கட்டிக்கொள்ள போப் இரண்டாம் ஜூலியஸ் தனி அனுமதி கொடுத்து, 1509-இல் திருமணம் நடந்தது. பிறந்த குழந்தைகளில் பிழைத்து வளர்ந்தது மேரி மட்டுமே. ஆண் வாரிசு வேண்டும் என்ற கவலையில், அந்தத் திருமணமே வேதத்துக்கு விரோதம் என்று ஹென்றி வாதாடத் தொடங்கினார். போப் ஏழாம் கிளெமென்ட் இழுத்தடித்தார். இங்கே ஒரு உறவுமுறையை மறக்காதீர்கள்: 1527-இல் ரோமைச் சூறையாடியது புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை; சார்லஸுக்குக் கேத்தரின் சித்தி. சித்தியைத் தள்ளிவைக்க அவர் விடுவாரா? போப்பின் கை கட்டப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். விடையில் இந்த ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்து, 1533-ஐ மட்டும் மாதவாரியாக எழுதிப் பாருங்கள். ஜனவரியில் ஆன் போலினுடன் ரகசியத் திருமணம். வசந்தத்தில், வழக்குகளை ரோமுக்கு மேல்முறையீடு செய்யக்கூடாது என்று நாடாளுமன்றச் சட்டம். மே மாதம், பேராயர் கிரான்மர் முதல் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளிக்கிறார். செப்டம்பரில் எலிசபெத் பிறக்கிறாள். அரசரே திருச்சபையின் தலைவர் என்ற சட்டம் 1534-இல்தான் வந்தது. அதை வைத்துத்தான் கேத்தரினை விலக்கினார் என்று எழுதினால் வரிசை தலைகீழாகிவிடும்.

மற்றவர்களை வேகமாகக் கடக்கலாம். 1536 மே 19-இல் ஆனின் தலை வெட்டப்பட்டது. பதினோரு நாளில் ஜேன் சீமோர் ராணி. மகன் எட்வர்டைப் பெற்ற பன்னிரண்டாம் நாள் ஜேன் இறந்தார். கிளீவ்ஸின் ஆனுடனான திருமணம் 1540 ஜனவரியில் நடந்து ஜூலையில் செல்லாததானது. அந்தச் சம்பந்தத்தை ஏற்பாடு செய்த அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் தலை விழுந்த ஜூலை 28-ஆம் தேதியே ஹென்றி கேத்தரின் ஹோவர்டை மணந்தார். (இதைப் படித்தபோது நான் தேதியை இரண்டாவது முறை சரிபார்த்தேன்.) ஹோவர்டுக்கு 1542-இல் மரண தண்டனை, 1543-இல் மணந்த கேத்தரின் பார் ஹென்றிக்குப் பின்னும் வாழ்ந்தார்.

"விவாகரத்து, தலைவெட்டு, மரணம்" என்ற மனப்பாட வாய்பாடு சுலபம்தான். ஆனால் சட்டப்படி எதுவும் விவாகரத்து அல்ல, அந்தத் திருமணங்களே நடக்கவில்லை என்ற தீர்ப்பு. அதனால்தான் மேரி முறையற்ற பிள்ளை ஆனார். ஆனின் திருமணத்தையும் அவர் சாவதற்கு இரண்டு நாள் முன்பு ரத்து செய்ததால் எலிசபெத்துக்கும் அதே கதி. 1544-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் இருவரையும் அரியணை வரிசையில் மீண்டும் சேர்த்தது, ஆனால் முறையான பிள்ளைகள் என்று அறிவிக்கவில்லை. எட்வர்ட், மேரி, எலிசபெத் பாடங்களுக்கு இந்தச் சட்டம்தான் பாலம்.

அப்புறம், விடைத்தாளில் வெறுமனே கேத்தரின் என்றோ ஆன் என்றோ எழுதாதீர்கள். மூன்று கேத்தரின், இரண்டு ஆன் இருக்கிறார்கள். ஊரையோ குடும்பப் பெயரையோ சேர்த்தே எழுதுங்கள்.