கனடா, மெக்சிகோவில் எச்-1பி ஸ்டாம்பிங்: கிளம்பும் முன்

எச்-1பி (அமெரிக்க வேலை விசா) ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க, கனடா, மெக்சிகோ போவது முன்பு எளிதாக இருந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை, குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவித்தது. வேறு நாட்டில் விண்ணப்பக் கட்டணம் 205 டாலர் கட்டி, தகுதியில்லை என்றானால் பணம் திரும்ப வராது.

பலர் கோட்டை விடும் இடம் வேறு. விசா காலாவதியாகியிருந்தாலும், செல்லுபடியாகும் ஐ-94 (அமெரிக்காவில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்ற பதிவு) கையில் இருந்தால், கனடாவிலோ மெக்சிகோவிலோ 30 நாட்களுக்கு மேல் தங்காமல் திரும்பி நுழையலாம். இதுதான் ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன். ஆனால் அங்கே புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். விசா முடிவை நிறுத்திவைக்கும் 221(ஜி) சீட்டு கொடுத்து மேல் சரிபார்ப்பு என்றால், முடியும்வரை எல்லைக்கு அப்பால்தான் இருப்பு. சுற்றுலா போகிறவர் சுற்றுலாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பவருக்கு மெக்சிகோ தரும் விசா விலக்கும், அந்த விசா காலாவதியானால் அதோடு போய்விடும்.

ஐ-797 (எச்-1பி ஒப்புதல் அறிவிப்பு) அசல், ஐ-94 அச்சுப்படி, சமீபத்திய சம்பளச் சீட்டுகள் பையில் இருக்கட்டும். திரும்பியதும் புது ஐ-94 வந்திருந்தால் தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் அனுமதியையும் அந்தத் தேதியோடு வெட்டிவிடுவார்கள்.