கிணற்றைக் கேட்டீர்களா, தம்பி?

போன கோடையில் எனக்குப் பேராசை வந்தது. முன்னீர்பள்ளத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. அதில் பத்து சென்டில் கத்தரி, வெண்டை, கீரை என்று போட்டு, பறித்ததைத் தெருவிலேயே விற்றுக்கொண்டிருந்தவன் நான். பத்து சென்டில் இவ்வளவு மிஞ்சினால் அறுபது சென்டில் ஆறு மடங்கு மிஞ்சுமே என்று வாய்ப்பாடு சொல்லிப் பார்த்துவிட்டு, அறுபது சென்டிலும் தக்காளி நட்டேன். அத்தனையும் ஒரே வாரத்தில் பழுத்தது. ஒரு தெரு எத்தனை கிலோ தக்காளிதான் தின்னும்? மீதியை மண்டிக்கு ஏற்றினேன். கமிஷனும் இறக்குக்கூலியும் கழித்துக் கடைக்காரர் நீட்டிய சீட்டில் இருந்த தொகை, லோடு ஆட்டோ வாடகைக்கே நாற்பது ரூபாய் குறைவு.

பட்டும் புத்தி வரவில்லை. இந்த ஆண்டு ஒரு ஏக்கர் என்று முடிவு செய்து, நாற்றுப்பண்ணையில் நாற்றுக்கும் சொல்லிவைத்துவிட்டேன். அப்போதுதான் உறவுக்காரர் ஒருவர், "பாவூர்சத்திரம் பக்கம் ஓர் அண்ணாச்சி இருக்கிறார், நாற்பது சென்டில் ஆரம்பித்து ஏழு ஏக்கருக்கு வந்தவர். அவரைப் பார்த்துவிட்டு நடு" என்றார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறினேன். பஸ்ஸில் ஆலங்குளம் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே தாமிரபரணிப் பாலத்தை ரயிலில் கடக்கிற சுகத்தை யார் விடுவார்கள்? சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் கார் பருவ நெல் நடவு. பொதிகை மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. கடையம் தாண்ட, வயல் குறைந்து தோட்டம் கூடியது. எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு சொல்லுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆற்றையும் குளத்தையும் நம்பினால் வயல். கிணற்றை நம்பினால் தோட்டம். அன்று நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த வித்தியாசத்துக்குள்தான் இருந்தது. அது ஊர் திரும்பிய பிறகே உறைத்தது.

பாவூர்சத்திரத்தில் இறங்கியதும் முகத்தில் சாரல். அண்ணாச்சி தினசரிச் சந்தைக்கே வரச் சொல்லியிருந்தார். கேரள எண் போட்ட லாரிகள் பின்பக்கம் திறந்தபடி நின்றன. இங்கே ஏலம் போகிற காய் புளியரை வழியாக மலையைத் தாண்டி அன்றே கேரளத்துக்குள் போய்விடும். வெண்டை, முருங்கை, வெள்ளைக் கத்தரி, சின்ன வெங்காயம் என்று சாக்குகளுக்கு நடுவே நடக்கவே இடமில்லை. அண்ணாச்சி தன் குட்டியானை வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். கத்தரியைத் தரம் பிரித்துக் கட்டியிருந்தார்: நல்லது தனி, சுமார் தனி. கலந்து கொண்டுவந்தால் மொத்தத்துக்கும் சுமார் விலைதான் விழும் என்றார். நான் தக்காளியைக் குட்டையும் நெட்டையுமாக ஒரே பெட்டியில் அள்ளிப் போட்டது நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

அவருடைய தோட்டம் கீழப்பாவூர் சாலையில் செம்மண் பூமியில் இருக்கிறது. ஏழு ஏக்கர் என்றால் பசுமைக் கடலாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கந்தல் போர்வைக்கு ஒட்டுப் போட்டதுபோல் இருந்தது. அரை ஏக்கர் வெண்டை பூவில், அடுத்த அரை ஏக்கர் முளைப்பில், பக்கத்தில் உழுது வெறுமனே கிடக்கும் துண்டு, ஆட்டுக்கிடை போட்ட புழுக்கை மணம் இன்னும் போகாத ஒரு மூலை. பதினைந்து நாளுக்கு அரை ஏக்கர் என்று தவணை முறையில் விதைக்கிறாராம். விலை ஏறுகிற வாரத்தில் கையில் காய் இருக்கும். விலை விழுகிற வாரத்தில் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சாகாது. விதைத்து நாற்பத்தைந்து நாளில் வெண்டை பறிப்புக்கு வரும் என்பதால், ஓணத்திலிருந்து பின்னோக்கி எண்ணி ஆடித் தொடக்கத்தில் ஒரு துண்டு மட்டும் பெரிதாக விதைப்பார். பொங்கலுக்கென்று முக்கால் ஏக்கரில் சிறுகிழங்கு. தை பிறக்கும்போது சிறுகிழங்கு இல்லாத பொங்கலைத் திருநெல்வேலிச் சீமையில் நினைத்துப் பார்க்க முடியாது அல்லவா?

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, கணக்கு நோட்டை எடுத்து வந்தார். (வளர்ந்தது அண்ணாச்சியின் தோட்டம், வளர்த்தது இந்த நோட்டு என்பது என் கணிப்பு.) "தம்பி, எங்களுக்கு நாற்பது சென்டில் நஷ்டம் கிடையாது. ஏழு ஏக்கரிலும் கிடையாது. நடுவில் ஒன்றரை, இரண்டு ஏக்கரில் இருந்த இரண்டு வருஷம்தான் நகை அடகுக்குப் போனது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினார். ஒரு நாள் வெண்டை இருநூறு கிலோ. விலை கிலோ பன்னிரண்டு ரூபாய், ஆக 2,400. கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் 240. பறிக்க ஐந்து பெண்கள், காலை நேரத்துக்கு ஆளுக்கு 250 என்று 1,250. வாடகை வண்டி 600. இறக்குக்கூலி 60. மிச்சம் 250 ரூபாய். விதை, உரம், மருந்து, இவர்கள் இருவருடைய உழைப்பு எதுவும் இதில் இல்லை. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும், ஆகவே விலை இல்லை என்று விட்டுவைக்கவும் முடியாது.

நாற்பது சென்ட் என்றால் வீட்டுக்காரர்களே பறித்து மோட்டார் சைக்கிளில் இரண்டு சாக்கு கட்டிக்கொண்டு போய்விடலாம். கூலியும் இல்லை, வாடகையும் இல்லை. பெரிய தோட்டம் என்றால் அதே வண்டி அறுநூறு கிலோ ஏற்றும், வாடகை மூன்றாகப் பிரியும். தினமும் வேலை இருப்பதால் பறிக்கிற பெண்களும் வேறு தோட்டத்துக்குப் போக மாட்டார்கள். இரண்டு ஏக்கர்க்காரருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுக்க முடியும். விலை உச்சத்தில் இருக்கும் நாளாகப் பார்த்து ஆள் கிடைக்காது.

"அப்படியானால் ஒரே தாவாக ஏழு ஏக்கருக்குத் தாவிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார். அவர் தாவியது நிலத்தில் அல்ல. முதலில் இருபத்திரண்டு வகைக் காயை நான்காகக் குறைத்தார். பிறகு கிணற்றை ஆழப்படுத்தினார். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் முழு மானியத்தில் கிடைப்பதால், வட்டாட்சியரிடம் சான்று வாங்கிச் சொந்த நிலம் இரண்டு ஏக்கருக்கும் குழாய் போட்டார். வாய்க்காலில் பாய்ச்சி இரண்டு ஏக்கருக்குத் திணறிய கிணறு, சொட்டுநீரில் நான்குக்குத் தாங்கியது. அதன் பிறகே பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். குத்தகை நிலத்தின் சிட்டா, அதாவது நில உரிமைப் பதிவு, உரிமையாளர் பெயரில் இருந்ததால் அதற்கு மானியம் கைகூடவில்லை. கைக்காசில் போட்ட குழாயைத்தான் இன்றும் சுருட்டிச் சுருட்டி இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார். ஏழு ஏக்கரில் ஐந்து குத்தகை. வண்டி கடைசியாக வந்தது, அதுவும் பழைய வண்டி.

கிளம்பும்போது என் ஒரு ஏக்கர் திட்டத்தைச் சொன்னேன். அண்ணாச்சி வெற்றிலையை மடித்தபடி, "கிணற்றைக் கேட்டீர்களா, தம்பி?" என்றார்.

"தண்ணீர் எப்போதும் கிடக்கிறது அண்ணாச்சி."

"கிடக்கிறது சரி. எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது, எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது? புரட்டாசி, ஐப்பசிக் கணக்கு வேண்டாம். இப்போதைய கணக்கு."

பதில் தெரியவில்லை. நான் கீரை விற்ற காலத்தில் மோட்டாரை அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டியதே இல்லை.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு, முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு மோட்டாரைப் போட்டேன். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் குழாய் காற்றை இழுத்து இருமியது. நிறுத்திவிட்டுத் துவைகல்லில் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்குக் கயிற்றைப் பார்த்தபோது இரண்டு முடிச்சு அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. மாலை நான்கு மணிக்கு நான்கு. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, கிணற்றடியில் என்னதான் செய்கிறாய் என்று வந்து எட்டிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே நாற்றுப்பண்ணைக்குப் போன் செய்து, முப்பது சென்டுக்கு மட்டும் போதும் என்றேன். அதையும் மூன்று தவணையாகத் தர முடியுமா என்று கேட்டேன்.