180 நாள் ஃபயர்வால் லாக்: பெட்டியை நம்பாதீர்கள்

எங்கள் ஃபயர்வால் (அலுவலக வலையமைப்புக்குள் வருவதையும் வெளியே போவதையும் அனுமதிக்கும் அல்லது தடுக்கும் பெட்டி) எழுதும் லாக், அதாவது பதிவேடு, ஆறு மாதத்துக்கு வேண்டும் என்று ஆடிட்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி 180 நாள் லாக் கைவசம் இருந்தாக வேண்டும். எங்களிடம் இருந்ததோ முந்தைய நாள் மாலையிலிருந்து பதிவான வரிகள் மட்டுமே.

பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்களை அழைத்தேன். "எல்லாம் பெட்டியிலேயே இருக்கும் சார், நன்றாகத் தேடிப் பாருங்கள்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி வார இறுதி முழுவதும் தேடினேன். இல்லாததை எங்கே தேடுவது? எங்கள் பெட்டியில் ஓடுவது பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள். அமைப்பை மாற்றாமல் விட்டால், லாக் கோப்பு ஏறக்குறைய 500 கிலோபைட்டைத் தொட்டதும் அதை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும். பழையவற்றில் ஏழு மட்டுமே தங்கும். அதற்கு மேல் சேர்ந்தால் ஆகப் பழையது அழிந்துவிடும். நெரிசலான அலுவலகத்தில் இது ஒரு நாளைக்குக்கூடத் தாங்காது. பெட்டியை நிறுவியவர்களுக்கு இது தெரியாது என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த விதியிலும் சேராமல் இயல்பாகத் தடுக்கப்படும் இணைப்புகள் தாமாகவே பதிவாகும், அனுமதிக்கப்பட்டவை பதிவாகாது. அந்தந்த விதியைத் திறந்து லாக் கட்டத்தில் குறியிட்டால்தான் உண்டு. உள்ளிருந்து எந்தக் கணினி வெளியே எங்கே போனது என்பதுதான் விசாரணையில் முதலில் கேட்கப்படும்.

எனவே பெட்டிக்கு வெளியே ஓர் உபுண்டு (லினக்ஸ்) கணினியில், லாக்கை வாங்கிச் சேமிக்கும் சிஸ்லாக் சர்வர் அமைத்து, யுடிபி 514ஆம் போர்ட் வழியாக அனுப்பச் செய்தோம், சிக்கலின்றி முடிந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் "வேலை முடிந்தது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் தொடக்க வாரத்தின் லாக்கைக் காணோம்! பழைய லாக்கைக் கழிக்கும் உபுண்டுவின் லாக்ரொட்டேட், வாரம் ஒரு கோப்பாக நான்கு கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருக்கிறது. வந்தவர் அந்த அமைப்பைத் திறந்தே பார்க்கவில்லை. ஃபயர்வால் லாக்கைத் தனிக் கோப்பில் விழச் செய்து, தினமும் சுருக்கி 200 நாள் வைக்கும்படி நானே மாற்றினேன்.

அடுத்தது நேரம். பெட்டி யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடிக்கொண்டிருந்தது. இரவு 11.40க்கு நடந்தது மாலை 6.10 என்று பதிவாகியிருந்தது. லாக் வரிகளின் பழைய பிஎஸ்டி வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. பிஎஃப்சென்ஸின் லாக் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஃப்சி 5424 என்ற புதிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் வரியிலேயே வந்துவிடும். கடிகாரத்தையும் உத்தரவு சொல்கிறபடி என்ஐசியின் (தேசிய தகவலியல் மையம்) நேர சர்வரோடு இணைத்துவிடுங்கள்.

இப்போது லாக் ஒழுங்காகச் சேர்கிறது. அண்மையில் ஆடிட்டர் ஓர் இரவைக் குறிப்பிட்டுக் கேட்டார். ஐபி முகவரியை கிரெப் என்ற தேடல் கட்டளையில் கொடுத்ததும், காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட வரிகள் வந்து நின்றன: எந்த இடைமுகம், தடுத்ததா விட்டதா, எங்கிருந்து எங்கே, எந்தப் போர்ட். பக்கத்தில் நின்றே குறித்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

யுடிபி, போய்ச் சேர்ந்ததா என்று உறுதி கேட்காத அனுப்பும் முறை; அதில் அனுப்பும் லாக் வழியில் தொலைந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் கோப்பு ஒரு மணி நேரம் வளராமல் நின்றால் எனக்கு மின்னஞ்சல் வரும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) ஒரு சிறு ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன். நீங்களும் போட்டுவிடுங்கள். பராமரிப்புக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்திடும் முன், ஆகப் பழைய லாக் கோப்பை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள்.