பிரித்தானியாவுக்கு ஈடிஏ எடுத்த அனுபவம்

கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பிரித்தானியாவுக்குச் சென்று ஆறு மாதம் வரை தங்குவதற்கு விசா தேவையில்லை என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம். விமானச் சீட்டை எடுத்துவிட்டால் புறப்பட வேண்டியதுதான் பாக்கி என்று நெடுங்காலம் பழகிப்போயிருந்தோம். 2025 ஜனவரி 8ஆம் திகதியுடன் அந்த நிலை மாறியது. விசா இப்போதும் தேவையில்லை. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே ஈடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். 2023 நவம்பரில் கட்டார் நாட்டவரிடம் தொடங்கிய இந்த ஏற்பாடு, மற்ற வளைகுடா நாடுகளுக்கு விரிந்து, பிறகு கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடிமக்களையும், 2025 ஏப்ரலில் ஐரோப்பியர்களையும் உள்ளடக்கிக்கொண்டது. தொடக்கத்தில் கெடுபிடி அதிகம் இல்லாததால் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. 2026 பெப்ரவரி 25 முதல் அனுமதி இல்லாதவர்களை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்ற அறிவிப்பு வந்தபோது, மார்ச்சில் லண்டனில் நடக்கவிருந்த மச்சாளின் மகளுடைய திருமணத்துக்காக நாங்கள் பயண ஏற்பாடுகளைத் தொடங்கியிருந்தோம்.

விண்ணப்பம் கடினமானதன்று. யாருக்கு அது தேவை, யாருக்கு அது கிடைக்கவே கிடைக்காது என்று பிரித்தறிவதில்தான் எங்களுடைய உழைப்பு முழுவதும் போயிற்று. நானும் என் கணவரும் மகனும் கனடாக் குடிமக்கள். மாமி கனடாவில் நிரந்தர வதிவிட உரிமையுடன் வாழ்பவர். இன்றும் இலங்கைக் கடவுச்சீட்டே வைத்திருக்கிறார். மகள் லண்டனில் பிறந்து, சிறு வயதில் எங்களோடு கனடாவுக்கு வந்து, எங்களோடு சேர்ந்தே கனடாக் குடியுரிமை பெற்றவள். சீட்டுப் பதிவு செய்துகொடுத்த முகவர், “எல்லோருக்கும் ஈடிஏ போட்டுவிடுங்கள்” என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். அந்த ஒரு வரி எங்களில் இருவருக்குப் பொருந்தவில்லை.

மாமியின் நிலையை முடிவு செய்வது எளிதாக இருந்தது. ஈடிஏ ஒருவர் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. எந்த நாட்டுக் கடவுச்சீட்டில் பயணம் செய்கிறார் என்பதையே பார்க்கிறது. இலங்கைக் குடிமக்களுக்கு விசா கட்டாயம் என்பதால், கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை எத்தனை ஆண்டுகளாகக் கையில் இருந்தாலும் அது இங்கே உதவாது. எனவே அவருக்கு வழமையான வருகையாளர் விசாவுக்கே விண்ணப்பித்தோம். 127 பவுண் கட்டணம், கைரேகை கொடுக்க ஒரு நேர ஒதுக்கீடு, வங்கிக் கணக்கு விபரங்கள், மச்சாள் எழுதிய அழைப்புக் கடிதம், ஏறத்தாழ மூன்று வாரக் காத்திருப்பு என்று அது பழைய பாணியிலேயே நடந்து முடிந்தது.

மகளின் நிலை அப்படி அல்ல. அவள் பிறந்தபோது என் கணவருக்குப் பிரித்தானியாவில் நிரந்தர வதிவிட உரிமை இருந்தது. 1983க்குப் பிறகு அங்கே பிறந்த ஒரு பிள்ளையின் தாயோ தந்தையோ அவ்வாறு நிலைபெற்றவராக இருந்தால், அந்தப் பிள்ளை பிறப்பிலேயே பிரித்தானியக் குடிமகவு ஆகிவிடுகிறது. குழந்தைப் பருவத்தில் எடுத்த சிவப்பு அட்டைப் பிரித்தானியக் கடவுச்சீட்டு எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆனால் கடவுச்சீட்டு காலாவதியாவதால் குடியுரிமை காலாவதியாவதில்லை. உறவினர்களில் எத்தனையோ பேர் இதை நேர்மாறாகவே நம்புகிறார்கள் என்பது, நான் இதைப் பற்றித் தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிரித்தானியக் குடிமக்களும் அயர்லாந்துக் குடிமக்களும் ஈடிஏ பெற முடியாது. ஈடிஏவுக்கு விண்ணப்பிக்கும் கைத்தொலைபேசிச் செயலியில் வேறு குடியுரிமை உண்டா என்ற கேள்வியும் வருகிறது. அதற்கு உண்மையைச் சொன்னால் வழி அங்கேயே அடைபடும். மறைத்தால் அரசுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாக ஆகும். செல்லுபடியாகும் பிரித்தானியக் கடவுச்சீட்டு, அல்லது பிரித்தானியாவில் வாழும் உரிமை உண்டு என்று காட்ட, கனடாக் கடவுச்சீட்டுடன் சேரும் உரிமைச் சான்றிதழ் என்ற இரண்டு வழிகளே அவளுக்கு இருந்தன. சான்றிதழின் கட்டணம் கடவுச்சீட்டின் கட்டணத்தைவிடப் பல மடங்கு என்பதால், புதிய கடவுச்சீட்டு எடுப்பது என்று முடிவு செய்தோம்.

இதற்கு அவளுடைய பழைய கடவுச்சீட்டோடு கனடாக் கடவுச்சீட்டின் வர்ணப் பிரதியையும் அனுப்ப வேண்டியிருந்தது. முகப்புப் பக்கம் மட்டும் போதாது. ஒரு முத்திரையும் படாத வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாப் பக்கங்களும் வேண்டும். வெற்றுத் தாள்களை வர்ணத்தில் பிரதியெடுத்துக் கொண்டிருந்த என்னைப் பார்த்து மகள் சிரித்தாள். இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுகளிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் விதி. தந்தையின் பெயரை ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும் இன்னோரிடத்தில் நடுப்பெயராகவும் எழுதிவைக்கும் நம்மவர்கள், இதை எல்லாவற்றுக்கும் முன்பே ஒத்துப்பார்ப்பது நல்லது. எங்கள் மகளுக்கு இரண்டும் பொருந்தியிருந்தன.

இந்த இரட்டைக் குடியுரிமை விதியைக் கேள்விப்பட்ட பலர் இலண்டன் அரசைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கனடா தன்னுடைய ஈடிஏ முறையை 2016இல் கொண்டுவந்தபோது இதையேதான் செய்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல், அமெரிக்கக் குடியுரிமையும் உள்ளவர்கள் தவிர, இரட்டைக் குடியுரிமை கொண்ட கனடியர்கள் தங்கள் மற்றைய நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டி விமானம் ஏறிக் கனடாவுக்கு வர முடியாமல் போனது. வெளிநாட்டவரை முன்கூட்டியே சரிபார்க்கும் எந்த ஏற்பாடும், தன் குடிமகன் யார் என்பதை விமான நிறுவனத்தின் கணினிக்குச் சொல்லியாக வேண்டும். குறை சொல்வதானால் விதியைச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கு அது போய்ச் சேர்ந்த விதத்தைத்தான் சொல்வேன். ஈடிஏ பற்றிய விளம்பரங்கள் எங்கும் கண்ணில் பட்டன. இந்த ஒரு விலக்கோ எங்களைப் போன்றவர்கள் தேடிப்போய்ப் படித்தால்தான் தெரியும் என்ற நிலையில் இருந்தது.

எஞ்சிய மூவரின் விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. ஈடிஏ இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் இடையில் கடவுச்சீட்டு முடிந்தால் அதுவும் உடன் முடிந்துவிடும், புதிய கடவுச்சீட்டுக்கு மாறாது. என் கணவரின் கடவுச்சீட்டுக்குச் சில மாத ஆயுளே இருந்ததால், அதை முதலில் புதுப்பித்துக்கொண்டு பிறகு விண்ணப்பித்தோம். நாங்கள் விண்ணப்பித்தபோது கட்டணம் தலைக்கு 16 பவுணாக இருந்தது. தொடக்கத்தில் 10 பவுணாக இருந்ததை 2025 ஏப்ரலில் அவ்வாறு உயர்த்தியிருந்தார்கள். குழந்தைகளுக்கும் சலுகை கிடையாது. இணையத்தில் தேடினால் அரசின் பக்கத்தைப் போலவே தோற்றம் காட்டும் இடைத்தரகர் பக்கங்கள் மேலே வந்து நிற்கின்றன. அவற்றில் சில இதே அனுமதிக்குப் பல மடங்கு பணம் கேட்கின்றன என்பதால், பிரித்தானிய அரசின் தளத்திலிருந்தே செயலியைத் தரவிறக்கிக்கொண்டேன்.

செயலி முதலில் கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தைப் படமெடுக்கச் சொல்கிறது. அடுத்து வருவது கடவுச்சீட்டுக்குள் பதித்திருக்கும் மின்னணுச் சிப்பை வாசிக்கும் கட்டம். கைத்தொலைபேசியைக் கடவுச்சீட்டின் மேல் வைத்து அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். என்னுடையது பழைய வகைக் கடவுச்சீட்டு. அதன் சிப் பின்னட்டைக்குள் இருக்கிறது. கணவருடைய புதியதில் அது புகைப்படப் பக்கத்தின் கெட்டியான தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, தொலைபேசியின் உறையையும் கழற்றிவிட்டு, மேசையில் வைத்து மெதுவாக நகர்த்தினால் ஓரிடத்தில் தொலைபேசி சற்று அதிர்ந்து வாசிப்பு முடிகிறது. பிறகு முகத்தை ஸ்கேன் செய்து, புகைப்படம் ஒன்றும் எடுக்க வேண்டும். பின்னால் நிழல் விழுந்தால் படத்தை ஏற்காமல் திருப்பிவிடுகிறது. சன்னலை நோக்கி நின்றபோது வேலை உடனே முடிந்தது. ஒரே தொலைபேசியில் ஒருவர் பின் ஒருவராக விண்ணப்பிக்கலாம், ஆனால் படத்துக்காக ஒவ்வொருவரும் அருகில் இருந்தாக வேண்டும்.

கடைசியாக வருபவை ஆம், இல்லை என்று பதிலளிக்கும் கேள்விகள். குற்றத் தீர்ப்புகள், போர்க்குற்றங்கள், பயங்கரவாதம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். போர்க்காலத்தில் அகதியாக வெளியேறி வந்த எங்கள் தலைமுறையினர் இந்த இடத்தில் ஒரு கணம் விரலை நிறுத்தாமல் இருக்க மாட்டார்கள். ஒளிக்க ஏதும் இருந்து அல்ல. எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ முறை கேட்கப்பட்ட கேள்வி இது. கேள்வியை நிதானமாக வாசித்து, உள்ளதை உள்ளபடி சொல்லி, பணத்தைச் செலுத்தினேன். முடிவுக்கு மூன்று வேலை நாட்கள் வரை ஆகலாம் என்று சொல்லப்பட்டிருந்தாலும் மின்னஞ்சல்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. அனுமதி கடவுச்சீட்டு இலக்கத்தோடு கணினியில் இணைக்கப்படுவதால் அச்சிட்டுக் கொண்டுபோகத் தேவையில்லை.

விமான நிலையத்தில் கடவுச்சீட்டுகளை இயந்திரத்தில் வைத்ததும் எங்கள் மூவருடையதும் தடையின்றிச் சரியாயின. மகளின் புதிய நீலக் கடவுச்சீட்டைப் பார்த்த பணியாளர், வேறெதுவும் கேட்காமல் பயண அட்டையை நீட்டினார். பதிவில் கொடுத்திருந்த கனடாக் கடவுச்சீட்டு இலக்கத்தை முந்தைய நாளே விமான நிறுவனத்தின் தளத்தில் மாற்றியிருந்தோம். இரண்டு கடவுச்சீட்டு உள்ளவர்கள் இதைச் செய்துவிட்டுப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். லண்டனில் நாங்கள் தானியங்கி வாயில்கள் வழியாகச் சென்றோம். மாமியோடு என் கணவர் அதிகாரி இருக்கும் வரிசையில் நின்று வந்தார்.

திருமணத்துக்கு வந்திருந்த உறவினர்கள், அடுத்த முறை அங்கிருந்து பாரிசுக்கும் ரயிலில் போய்வரலாம் என்று திட்டம் போடத் தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் எத்தியாஸ் என்ற பெயரில் இதே போன்ற அனுமதியைக் கொண்டுவருகிறது. கட்டணம் 20 யூரோ, மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் கட்டணம் இல்லை. அதில் மகளின் நீலக் கடவுச்சீட்டுக்கும் விலக்கில்லை. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதால் அவளும் எங்களைப் போலவே விண்ணப்பிக்க வேண்டும். மாமிக்கு 70 தாண்டிவிட்டது என்றாலும் அந்தச் சலுகை அவருக்கு உதவாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான் எடுக்க வேண்டும்.