மூன்றாவது சாடியில் ஏடு நின்றது: ஏழு மாதக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை என் பேரிக்காய் வைனின் மூன்றாவது சாடியிலிருந்து 30 மி.லீ. இறக்கினேன். வைன் மேல் ஈஸ்ட் படிந்து வரும் ஆடையைத்தான் ஏடு என்கிறேன். நானே முகர்ந்து நானே முடிவு சொன்னால் ஆசை முந்திக்கொள்ளும் என்று, கோப்பையை அம்மாவிடம் நீட்டி என்ன வாசம் என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு தரம் முகர்ந்துவிட்டு, "வெந்தயம் வறுத்த சட்டி மாதிரி இருக்குடா. கொஞ்சம் ஆப்பிளும் இருக்கு" என்றார். அந்த நிமிடம் எனக்குக் கை நடுங்கியது உண்மை.

வெந்தயம் என்ற சொல்லுக்காகத்தான் இரண்டரை வருடம் காத்திருந்தேன். வான் ஜோன் என்ற மஞ்சள் வைனுக்கு அந்த வாசனையைக் கொடுக்கும் பொருள் சோடோலோன். நம் வெந்தயத்தின் வாசனைக்கும் அதுவேதான் காரணம். அது பிறந்த பிரான்சின் ஜூரா வட்டாரத்துக்காரர்கள் அந்த வைனைப் பற்றிச் சொல்லும்போது வால்நட், கறித்தூள் என்று தேடித் தேடிச் சொற்களைப் போடுவார்கள். நமக்கு அது சாம்பார் வீட்டு வாசனை.

வான் ஜோன் நான் இன்னும் குடித்ததில்லை. கொழும்பில் பெரிய கடைகளில்கூட அந்தக் குட்டையான 62 சென்டிலீட்டர் போத்தல் என் கண்ணில் பட்டதில்லை. அந்த அளவுக்கும் காரணம் உண்டு: ஒரு லீட்டர் வைன் ஆறு வருடம் பீப்பாயில் இருந்தால் ஆவியாகிப் போக மிஞ்சுவது அவ்வளவுதான் என்பார்கள். சாவன்யான் என்ற ஒரே திராட்சை, அறுவடைக்குப் பிந்தைய ஆறாவது வருடம் டிசம்பர் 15 வரை பீப்பாய், அதில் குறைந்தது 60 மாதம் ஏட்டுக்குக் கீழே. இடையில் ஒரு சொட்டும் மேலே ஊற்றி நிரப்பக் கூடாது. 1774ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்று 2018இல் ஏலத்தில் 103,700 யூரோவுக்குப் போனது. வாங்கிக் குடிப்பது நடக்காது, சரி, அந்த ஏட்டையாவது கந்தப்பளையில் வளர்த்துப் பார்ப்போம் என்றுதான் தொடங்கினேன். என்னிடம் சாவன்யான் இல்லை, தோட்டத்துப் பேரிக்காய் இருக்கிறது. ஆகவே இதை வான் ஜோன் என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன். பேரிக்காய் வைன், ஏட்டுக்குக் கீழே வைத்தது, அவ்வளவுதான்.

முதல் சாடி 11 சதவீத மதுசாரத்தில் நின்றது. ஒன்பதாம் நாளே ஏடு வந்துவிட்டது, சுருக்கம் சுருக்கமாக, ஆறிப்போன கஞ்சியின் ஆடை மாதிரி தடிப்பாக. வீடெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று வாரத்தில் நகப்பூச்சு கழுவும் திரவத்தின் நெடி, அப்புறம் சுத்தமான வினாகிரி. மேலே படிவதெல்லாம் ஒரே ஏடு இல்லை. ஜூராவின் ஆர்புவாவில் வளர்ந்த லூயி பாஸ்டரே 1860களில் வைன் மேல் வரும் ஏட்டையும் வினாகிரி ஏட்டையும் வேறுவேறாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதை நான் படித்தது சாடி கெட்ட பிறகு. அம்மா அதில் மாங்காய் அச்சாறு போட்டார், நன்றாகவே இருந்தது.

இரண்டாவது சாடியைக் கெடுத்தது ஹைட்ரோமீட்டர், அடர்த்தி பார்த்துச் சீனியைக் கணக்கிடும் மிதவை. இணையத்தில் ஒரு கடையில் வாங்கியது, உள்ளே இருந்த அளவுக் கடதாசி நழுவியிருந்தது, 1.000 காட்ட வேண்டிய வெறும் தண்ணீரில் 0.990 காட்டுகிறது! 15 சதவீதம் என்று நினைத்துச் சீனி போட்டேன், போய் நின்றது 16.5இல். மூன்று மாதம் பார்த்தும் ஒரு புள்ளி ஏடுகூட இல்லை. ஏடு இல்லாவிட்டால் ஒட்சிசனைத் தின்ன ஆளில்லை, வைன் தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பாகிப்போனது. கடைக்கு எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. புது ஹைட்ரோமீட்டர் வந்தால் முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவதில் தொடக்க அடர்த்தி 1.106, முடிவு 0.996. 14.4 சதவீதம். இன்னும் கீழே இறங்காததற்குக் காரணம் பேரிக்காயில் உள்ள சோர்பிட்டால் என்ற சீனி வகைப் பொருள், அதை ஈஸ்ட் தொடாது. என் அனுபவத்தில் 14க்கும் 15க்கும் இடைப்பட்ட அந்தச் சின்ன இடைவெளிதான் எல்லாம். அதற்குக் கீழே வினாகிரிக் கிருமி முந்துகிறது, மேலே போனால் ஏட்டு ஈஸ்ட்டே திணறுகிறது. நொதித்து முடிந்தபின், கிருமியை அடக்கப் போடும் சல்பைட் போடவில்லை. சாடியை முக்கால்தான் நிரப்பினேன். வாயில் பஞ்சு, அதன் மேல் இரண்டு மடிப்பு மல் துணி. பழ ஈ ஒன்று உள்ளே போனால் கதை முடிந்தது. ஏட்டு ஈஸ்ட் தனியாக வாங்கிப் போடவில்லை, அறையில் இருப்பதே வந்து படியட்டும் என்று விட்டேன். 31ஆம் நாள் காலை டோர்ச் அடித்துப் பார்த்தால் சாம்பல் தூவியது மாதிரி புள்ளிகள். இரண்டு வாரத்தில் அவை சேர்ந்து மெல்லிய பாலாடை.

இனி நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம்: ஏட்டை உடைக்காமல் மாதிரி எடுப்பது. மேலிருந்து பிப்பெட் விட்டால் ஏடு கிழிந்து துண்டு கீழே போகிறது, கிழிந்த இடத்தில் வேறு எதுவும் குடியேறலாம். ஜூராவில் பீப்பாயின் முகப்பில் கீழாக ஒரு சின்ன மரக்குழாய் வைத்திருப்பார்கள். கண்ணாடிச் சாடியில் துளை போட எனக்குத் துணிவில்லை. கடைசியில் கைகொடுத்தது சேலைன் ஏற்றும் குழாய், நுவரெலியா டவுனில் பார்மசியில் வாங்கியது. ஏடு வருவதற்கு முன்பே குழாயை உள்ளே விட்டு, நுனியை அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே நிறுத்தி, ஒரு கண்ணாடிக் குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ஏடு குழாயைச் சுற்றியே வளர்ந்து ஒட்டிக்கொள்கிறது. வெளியே தொங்கும் முனையில் அந்தச் சக்கரப் பூட்டு இருக்கிறதே, அதைத் திருகினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் தடவை அவசரப்பட்டு முழுதாகத் திறந்ததில் நடுவில் ஏடு குழிந்து ஒரு கீறல் விழுந்தது, மூட ஒன்பது நாள் எடுத்தது. இப்போது 30 மி.லீ. எடுக்க 20 நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். குழாயில் தேங்கி நின்ற முதல் 5 மி.லீ.யைக் கொட்டிவிடுங்கள், அதில் ப்ளாஸ்டிக் நெடி.

ஜனவரியில் ஒரு பயம் வந்தது. தேயிலை மேல் தூள் பனி விழுந்த வாரம், அறைக்குள்ளே 11 பாகை. ஏடு மெலிந்து பாதி அடியில் இறங்கிவிட்டது. போர்வை சுற்றலாமா, ஹீட்டர் வைக்கலாமா என்று யோசித்து, ஒன்றும் செய்யாமல் விட்டேன். ஜூராவில் சிலர் பீப்பாயைப் பரணில்கூட வைத்து, சூட்டையும் குளிரையும் மாறி மாறிப் பட விடுகிறார்கள் என்று படித்ததுதான் தைரியம். மார்ச்சில் 17 பாகைக்கு ஏறியதும் ஏடு திரும்ப வந்தது, முன்னைவிட வெள்ளையாக.

நொதிக்க வைத்த ஈ.சி.-1118 என்ற வைன் ஈஸ்ட் கட்டாரிலிருந்து சித்தப்பா மகன் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தான், பத்துப் பக்கெட். பாண் ஈஸ்ட்டை வைத்து 14க்கு ஏற என்னால் முடியவில்லை. கண்ணாடிச் சாடிகள் ஹட்டனில் பழைய சாமான் கடையில் கிடைத்தவை, இன்னும் இரண்டு அங்கே இருக்கின்றன, அடுத்த சம்பளத்துக்கு எடுத்துவிடுவேன். ஒன்றில் யாழ்ப்பாணத் திராட்சையைப் பாயில் பரப்பி ஆறு வாரம் உலர்த்தி, ஜூராக்காரர்களின் வைக்கோல் வைன் மாதிரி முயல ஆசை. இங்குள்ள ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி உலர்த்துவது என்றுதான் தெரியவில்லை, கொழுந்து வாட்டும் தட்டு மாதிரி கீழிருந்து காற்று விடும் சட்டம் ஒன்று அடித்துக்கொண்டிருக்கிறேன். ஜோர்ஜியாவில் வைனுக்காக மண்ணில் புதைக்கும் மண்சாடி, குவெவ்ரி என்பார்கள், அதற்கும் ஒரு குயவரிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே தேன்மெழுகு பூச வேண்டும். ஹங்கேரியின் தொக்காய் எசென்சியா என்ற இனிப்பு வைன் மட்டும் கனவாகவே இருக்கட்டும், லீட்டருக்கு 450 கிராமுக்கு மேல் சீனி, கரண்டியில் பரிமாறுவார்களாம்.

சரி, மூன்றாவது சாடிக்கு வருகிறேன். நாக்கில் இன்னும் கூர்மை, புளிப்பு தனியாக நிற்கிறது, வெந்தயம் மூக்கோடு நின்றுவிடுகிறது, விழுங்கிய பின் வரவில்லை. மட்டம் ஏழு மாதத்தில் இரண்டு விரல்கடை இறங்கியிருக்கிறது. நிரப்ப மாட்டேன். அடுத்த 30 மி.லீ. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு. அதுவரை அந்த அறைக் கதவை யாரும் அடித்துச் சாத்தக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.