மணித்தியாலம் கூடினவன்

2021 பெப்ரவரி 3

மாலைதீவிலிருந்து பதில் வந்தது. இந்தப் பதவிக்கு என் தகுதி மிஞ்சிவிட்டதாம். நான் கேட்டது ட்வின் ஒட்டர் கடல் விமானத்தில் துணை விமானி வேலை. அங்கே விமானிகள் வெறுங்காலோடுதான் ஓட்டுவார்கள். போயிங் 777 என்ற பெரிய பயணிகள் விமானம் ஓட்டினவன் சப்பாத்தைக் கழற்ற மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ.

அம்மாவுக்கு விளங்கவே இல்லை. "கூடத் தெரிஞ்சவனுக்கு வேலை இல்லையெண்டு எந்த ஊரில தம்பி சொல்லுவாங்கள்?"

பெப்ரவரி 6

கோபம் இறங்கிய பிறகு யோசித்தால் கொம்பனி பக்கமும் நியாயம் இருக்கிறது. 777 ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் அனுமதி, ட்வின் ஒட்டருக்குச் செல்லாது. எனக்குப் புதிதாகப் பயிற்சி தரவேண்டும், காசு அவர்களுடையது. வளைகுடாவில் ஆட்குறைப்பு முடிந்து பழைய இடம் கூப்பிட்டால் நிற்பாயா என்று மனைவி கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. பெட்டியைத் தானே அடுக்கித் தருவதாகச் சொன்னாள்.

பெப்ரவரி 9

இன்னொன்றும் இருக்கிறது. நீண்டதூரப் பறப்பில் பறந்த மணித்தியாலக் கணக்கு ஏறும், தரையிறக்கக் கணக்கு ஏறாது. பதினாலு மணித்தியாலம் நாலு பேர் மாறி மாறி இருந்தாலும் கடைசியில் இறக்குவது ஒருவர்தான். 90 நாளில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம் என்ற விதிக்காகவே சிமுலேட்டருக்குப் போன விமானிகள் உண்டு. மாலைதீவுப் பையன் ஒரே நாளில் பத்துத் தடவை, காற்றையும் அலையையும் பார்த்துத் தண்ணீரில் இறங்குவான். அவனுக்குப் பக்கத்தில் நான் கற்றுக்குட்டி.

பெப்ரவரி 15

பின்வீட்டுப் பையன் வந்தான். 200 மணித்தியாலத்தோடு வர்த்தக லைசன், கூடவே கடன். அவனுக்கு மணித்தியாலம் காணாது, எனக்குக் கூடிப்போச்சு. "அண்ணை, உங்களிட்ட இருக்கிறதில கொஞ்சம் தாங்கோவன்" என்றான். சீனன்குடாப் பக்கம் பயிற்சி விமானம் ஒன்று பதிந்து வந்தது. இறங்கப்போகுது என்றான் அவன். இல்லை, தொட்டிட்டு எழும்பும் என்றேன். எழும்பியது.

மச்சான் விண்ணப்பத்தில் மணித்தியாலத்தைக் குறைத்து எழுதச் சொல்கிறான். பறந்த கணக்கு எழுதும் லொக்புக்கை எல்லாரும் கேட்பார்கள், பொய்யென்றால் லைசனே போய்விடும்.

பெப்ரவரி 22

குறைக்கவில்லை, இடம் மாற்றினேன். முன்பு ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்தில் குறுந்தூரம் ஓடிய காலத்தை மேலே வைத்து, 777ஐக் கீழே தள்ளி, மூன்று வருடம் விட்டுப் போகமாட்டேன் என்ற பொண்டுக்குச் சம்மதம் என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

இன்று கூப்பிட்டார்கள். முதல் கேள்வி, நீந்தத் தெரியுமா? திருகோணமலைக்காரனிடம்! அடுத்தது, பொண்ட் ஐந்து வருடமானால் சரியா? வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.