ஜிடிபியின் புகார் நிரலை மறுசீரமைத்துப் பார்த்த அனுபவம்

ஜிடிபி என்பது நிரல்களில் பிழை தேட உதவும் கருவி. அது ஒரு நிரலின் பிழைத்திருத்தத் தகவலைப் படிக்கும்போது, கம்பைலர் (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கருவி) எழுதிவைத்ததில் பொருந்தாதது எதையாவது கண்டால், படிப்பதை நிறுத்திவிடுவதில்லை. ஒரு புகாரைக் குறித்துக்கொண்டு மேலே போகிறது. இதற்கான நிரல் 'கம்ப்ளெயின்ட்ஸ்.சி' என்ற சிறிய கோப்பில் இருக்கிறது. பெரும்பாலான பயனர்கள் இந்தப் புகார்களைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், ஏனெனில் 'செட் கம்ப்ளெயின்ட்ஸ்' கட்டளையின் இயல்பு மதிப்பு 0. அதை 5 என்று வைத்தால் ஒவ்வொரு வகைப் புகாரும் 5 முறை வரை அச்சாகும்; அதற்குப் பிறகு அந்த வகை அடங்கிவிடும். இந்த எல்லையைத் தாங்கும் மாறிக்கு 'ஸ்டாப் வைனிங்', அதாவது 'முனகலை நிறுத்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வார இறுதிகளில் ஜிடிபியின் மூலநிரலைப் படித்து வருகிறேன். டுவார்ஃப் என்ற வடிவத்தில் எழுதப்படும் பிழைத்திருத்தத் தகவலைப் படிக்கும் கோப்பில் ஏராளமான புகார் வரிகள் 'இன்ன மாட்யூலில்' என்ற ஒரே வாலோடு முடிவதும், ஒவ்வொன்றும் கோப்பின் பெயரைத் தனியாக எடுத்துத் தருவதும் என் கண்ணை உறுத்தின. அந்த வாலை ஒரே இடத்தில் ஒட்டினால் போதும் என்று எண்ணி, என் கணினியில் மூலநிரலின் தனிப் பிரதியாக ஒரு கிளையைத் தொடங்கினேன்.

முதல் சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரு துணை ஃபங்ஷன் தயாராகிவிட்டது. செய்தியை முதலில் முழுச் சரமாக (எழுத்துத் தொடராக) கட்டி, வாலை ஒட்டி, பிறகு வடிவச் சரமாக, அதாவது மதிப்புகள் நுழையும் இடங்களைக் காட்டும் செய்தி வார்ப்பாக, வெறும் '%s' என்பதையும் கட்டிய சரத்தையும் பழைய புகார் ஃபங்ஷனிடம் ஒப்படைத்தேன். படிப்பதற்கு மிக அழகாக இருந்தது. புகார் நிரலுக்கான சோதனையும் தேறியது. இந்தச் சோதனை பழைய புகார் அழைப்பை மட்டும் நேரடியாக இயக்கிப் பார்க்கிறது. அது என் துணை ஃபங்ஷனைத் தொடவே இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, உண்மையான பிழைத் தகவலைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மூன்று மாறிகள் மட்டும் உள்ள ஒரு சி நிரலை எழுதி, டுவார்ஃப் 4 வடிவத்தில் அசெம்பிளியாக மாற்றி, அந்த உரையில் இரண்டு இடங்களைக் கையால் கெடுத்தேன். ஒரு மாறி அறிவிக்கப்பட்ட கோப்பின் வரிசை எண்ணை 99 ஆக்கினேன்; அப்படி ஒரு கோப்பு பட்டியலில் கிடையாது. இன்னொரு மாறியின் டேக் எண்ணை, அதாவது பதிவின் வகையைச் சொல்லும் எண்ணை, யாரும் வரையறுக்காத ஓர் எண்ணாக மாற்றினேன். எல்லையை 1 என்று வைத்து மாற்றமில்லாத ஜிடிபியில் திறந்தபோது இரண்டு புகார்கள் வந்தன: கோப்பு எண் வரம்பை மீறியது என்று ஒன்று, டேக் தெரியவில்லை என்று மற்றொன்று. என் கிளையில் கட்டிய ஜிடிபியில் ஒன்றே ஒன்று வந்தது. டேக் பற்றிய புகாரைக் காணவில்லை.

காரணம் எண்ணும் முறையில் இருந்தது. எந்தப் புகார் எத்தனை முறை வந்தது என்பதை ஜிடிபி ஓர் அட்டவணையில் வைத்திருக்கிறது. அதன் சாவி வடிவச் சரத்தின் உள்ளடக்கம் அல்ல, அந்தச் சரம் நினைவகத்தில் இருக்கும் முகவரி. ஆகவே புகாரை எழுதும் வரியில் உள்ள வடிவச் சரமே அந்தப் புகாரின் அடையாளமாகவும் இருந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் '%s' வழியாகத் திருப்பிவிட்டதால், அத்தனை வகைப் புகார்களும் ஒரே சாவியின் கீழ் விழுந்தன. முதலாவது வந்ததும் எல்லை நிரம்பியது. அடுத்தது எந்த வகையாக இருந்தாலும் அதற்கு இடமில்லை.

முகவரியைச் சாவியாக வைப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. இரண்டு வெவ்வேறு கோப்புகளில் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகம் இருந்தால், ஜிசிசி கம்பைலரின் உகப்பாக்கத்தோடு (நிரலை விரைவாக்கும் முறையோடு) கட்டும்போது லிங்கர் (தனித்தனிப் பகுதிகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) அவற்றை ஒரே சரமாக இணைத்துவிடக்கூடும். உகப்பாக்கம் இல்லாமல் கட்டும்போது இரண்டும் தனித்தனி முகவரிகளில் நிற்கும். ஆகையால் ஒரே மூலநிரலிலிருந்து கட்டிய இரண்டு ஜிடிபிகள் ஒரே வாசகத்தை வேறு வேறு எண்ணிக்கையில் அச்சிட இடமுண்டு. இது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. சரங்களை ஒப்பிடாமல் முகவரியை மட்டும் பார்ப்பது விரைவானது, வேலைக்கும் போதுமானது. ஆனால் புகாரின் அடையாளம் எது என்பதை நிரலில் எங்கேயாவது பெயரிட்டுச் சொல்லியிருந்தால், நான் இந்தக் குழியில் விழுந்திருக்க மாட்டேன்.

என் அழகான துணை ஃபங்ஷன் வேறு இரண்டையும் கெடுத்திருந்தது. புகாரை அழைப்பது உண்மையில் ஒரு மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும் முன்பே நிரல் வரிகளாக விரியும் குறுக்கம். எல்லை 0-க்கு மேல் இருந்தால்தான் அது உள் ஃபங்ஷனை அழைக்கும், இல்லாவிட்டால் செய்திக்கான மதிப்புகளைக்கூடக் கணக்கிடாது. நானோ யாரும் பார்க்கப்போகாத செய்தியையும் முழுச் சரமாகக் கட்டிவிட்டுத்தான் அழைத்தேன். பெரிய நிரல்களைத் திறக்கும்போது இது வீண் சுமை. அதோடு, வடிவச் சரமும் அதற்குரிய மதிப்புகளும் பொருந்துகின்றனவா என்று கம்பைலர் செய்துவந்த சரிபார்ப்பையும், என் ஃபங்ஷனின் அறிவிப்பில் உரிய குறிப்பைச் சேர்க்காமல் விட்டதால் இழந்திருந்தேன்.

அடுத்த வாரம் மேக்ரோவாகவே எழுத முயன்றேன். வடிவச் சரத்தின் பின்னால் வாலை மேற்கோள் குறிகளுக்குள் அடுத்தடுத்து எழுதினால் சி++ மொழி தானாக ஒட்டிவிடும் என்று நம்பினேன். ஆனால் ஜிடிபியின் செய்திகள் மொழிபெயர்ப்புக்காக அடிக்கோடு ('_') என்ற பெயருடைய மேக்ரோவுக்குள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு இயங்கும் கட்டமைப்பில் அது ஃபங்ஷன் அழைப்பாக விரிகிறது. ஃபங்ஷன் அழைப்போடு சரத்தை ஒட்ட முடியாது என்று கம்பைலர் மறுத்துவிட்டது. மறுத்தது நல்லதாயிற்று, ஏனெனில் அப்படி ஒட்டியிருந்தால் மொழிபெயர்ப்புப் பட்டியலைத் திரட்டும் கருவிக்கும் முழு வாசகம் கண்ணில் பட்டிருக்காது.

கடைசியில் செய்தது இதுதான். பழைய உள் ஃபங்ஷன் எண்ணுவதையும் அச்சிடுவதையும் சேர்த்தே செய்தது. அதை இரண்டாகப் பிரித்தேன். முதல் பகுதி வடிவச் சரத்தின் முகவரியை மட்டும் வாங்கி, அதே நேரத்தில் வேறெதுவும் எண்ணாதபடி பூட்டைப் பிடித்து, எண்ணைக் கூட்டி, சொல்லலாமா கூடாதா என்று பதில் தருகிறது. இரண்டாம் பகுதி கட்டி முடித்த செய்தியை உரிய இடத்துக்கு அனுப்புகிறது. மாட்யூல் புகாருக்கான புதிய மேக்ரோ எல்லையை முதலில் பார்த்து, மூல வடிவச் சரத்தை அப்படியே முதல் பகுதிக்குத் தந்து, அனுமதி கிடைத்த பிறகே சரத்தைக் கட்டி வாலை ஒட்டுகிறது. கம்பைலரின் சரிபார்ப்புக் குறிப்பையும் சேர்த்துவிட்டேன். கெடுத்துவைத்த அசெம்பிளி நிரலில் இரண்டு புகார்களும் திரும்ப வந்தன.

அந்த நிரலை இப்போது என் கிளையில் ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன். எல்லை 0, 1, 2 ஆகிய மூன்றுக்கும் பழைய வெளியீட்டோடு ஒப்பிடுகிறது. ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவைப்பட்டது. டுவார்ஃப் தகவலுக்கு அட்டவணை தயாரிக்கும் வேலையை ஜிடிபி பல இழைகளில் (ஒரே நேரத்தில் இயங்கும் நிரல் ஓட்டங்களில்) பகிர்கிறது. அந்த இழைகளில் எழும் புகார்கள் வரிசை இல்லாத ஒரு தொகுப்பில் சேர்க்கப்பட்டு, பின்னர் முதன்மை இழையால் அச்சிடப்படுகின்றன. எனவே அவற்றின் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. அந்தப் பகுதியின் வெளியீட்டை வரிசைப்படுத்திய பிறகே ஒப்பிடுகிறேன்; சந்தேகம் வரும்போது பணி இழைகளின் எண்ணிக்கையை 0 ஆக்கி மீண்டும் ஓட்டுகிறேன்.

டுவார்ஃப் கோப்பில் முன்பே தனி ஃபங்ஷன்களாக இருக்கும் புகார்களை இன்னும் தொடவில்லை. வரி அட்டவணையில் கோப்பு இல்லாததைச் சொல்லும் ஃபங்ஷன் அவற்றில் ஒன்று. அதற்கேற்ற கெடுத்த நிரலை எழுதிய பிறகே அதில் கை வைப்பேன்.